ஐந்து நாள் மௌனமும் ஓர் அண்டாவும்

மார்ச் 10, திங்கள்

இந்த நோட்டின் முதல் வரியை நானே எழுதுகிறேன். என் பெயர் சந்தியாகு. வயது எழுபத்து மூன்று. மார்க்கெட்டில் ஐம்பது வருடம் வாழைத்தார் சுமந்தேன். போன வருடம் எங்கள் பங்குக் கோயில் வராந்தாவில் வைத்து சிஸ்டர் கசிமிர் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். இன்று பஸ்ஸில் ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று படித்தேன். கண்டக்டர் வழியெல்லாம் ஓட்டுநருடன் பேசிக்கொண்டே வந்தார். பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

என் மகள் பிலோமினா என்னைத் தவக்காலத் தியானத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஐந்து நாள் பேசாமல் இருந்தால் ஆத்துமாவுக்கு நல்லதாம். யாருடைய ஆத்துமாவுக்கு என்று அவள் சொல்லவில்லை.

தியான இல்லம் மலையடிவாரத்தில், மாமரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அழகான இடம். படிப்பதற்கும் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு குழல்விளக்கிலும் உபயம் செய்தவர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் போக மிச்சமிருக்கும் இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. கோயில் மின்விசிறியில் முதல் இறக்கையில் அப்பா பெயர், இரண்டாவதில் அம்மா, மூன்றாவதில் பிள்ளைகள். சுற்றினால்தான் குடும்பம் ஒன்று சேருகிறது.

‘மௌனம் காக்கவும்’ என்ற பலகை பதினொன்று. நானே எண்ணினேன். ஒன்று கழிப்பறைக்குள் இருக்கிறது.

அறை ஒதுக்கிய சிஸ்டர் என் விண்ணப்பத்தையும் இன்னொரு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தகப்பன் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதே, சொந்தக்காரர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இருவருக்கும் ஒரே அறையைக் கொடுத்துவிட்டார்.

அந்த இன்னொரு விண்ணப்பம் என் தம்பி இன்னாசியுடையது. ரிடையரான வாத்தியார். அவனும் நானும் பேசிப் பதினாலு வருடம் ஆகிறது.

இரண்டு விண்ணப்பமும் ஒரே ஊதா மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. எங்கள் வீட்டில் ஊதாப் பேனா பிலோமினாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

இந்தப் பக்கத்தை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ரவை உப்புமா.

பிறகு ஃபாதர் ஜெரால்டு மௌனத்தின் மேன்மையைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் மைக்கில் பேசினார். மனுஷன் பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவரைப் பார்த்தே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். எனக்கும் இன்னாசிக்கும் கஷ்டமில்லை. மற்றவர்கள் நேற்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தார்கள். நாங்கள் பதினாலு வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டோம். எங்களுக்கு ஒரு மெடல் தரலாம்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. இன்னாசி என் வலப்பக்கம் நின்றான். நான் இடப்பக்கத்து ஆளைக் கும்பிட்டேன். முன்னால் நின்றவரைக் கும்பிட்டேன். தூணைக் கும்பிட்டேன். தூணில் இருந்த அந்தோணியார் சுரூபத்தையும் கும்பிட்டேன். நேரம் மிச்சமிருந்தது. மின்விசிறிக் குடும்பத்தையும் கும்பிட்டு முடித்தேன். இன்னாசி வலப்பக்கத்துச் சுவரோடு சமாதானமாக இருந்தான்.

மத்தியானம் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குத் தட்டுக் கழுவுவது, அவனுக்குத் துடைப்பது. ஒரு தட்டில் பருக்கை ஒட்டியிருந்தது. அவன் வாய் திறக்காமல் தட்டை என்னிடமே திருப்பி நீட்டினான். ரிடையராகியும் திருத்துகிற புத்தி போகவில்லை.

ஏன் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பிலோமினா கல்யாணத்தன்று பூசை முடிந்ததும் கோயில் ரெஜிஸ்டரில் பெண்ணின் அப்பா கையெழுத்துப் போடவேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் என் இடத்தில் ‘சந்தியாகு’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. இன்னாசி எழுதிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் கைநாட்டு வைக்கக்கூடாதாம். என் பிள்ளை கல்யாணத்தில் என் விரலுக்கு மரியாதை இல்லை. யாருக்குத்தான் கோபம் வராது?

நானும் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவ்வளவுதான்.

மறுநாளே, விருந்துக்கு அவர்கள் வீட்டில் இரவல் வாங்கியிருந்த பெரிய அண்டாவையும் மூடியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்தேன். அவன் மனைவி அமலோற்பவம் வந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிறவன் இல்லை.

மார்ச் 12, புதன்

உப்புமா.

நான் இந்த மௌனத்துக்கு ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பையில் ஒரு கடிதம் இருக்கிறது. அண்டாவைக் கொடுத்துவிட்டு வந்த இரண்டாவது வாரம், இன்னாசி வீட்டிலிருந்து என்று சொல்லித் தபால்காரர் கொடுத்தார். படிக்கத் தெரிந்த யாரிடமும் கொடுக்கவில்லை. ஒருவர் படித்தால் எங்கள் தெருவே படித்த மாதிரி. பிலோமினாவிடமும் காட்டவில்லை. தகர டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருப்பான், கேட்டால் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். சில நாள் திட்டி எழுதியிருப்பான் என்றும் தோன்றும். அது என் மனநிலையைப் பொறுத்தது.

இப்போது நானே படிக்கலாம் என்று கொண்டு வந்தேன். இங்கே ஐந்து நாளைக்கு வேறு வேலையும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை சிஸ்டர் கசிமிர் சொல்லித் தரவில்லை. புத்தகத்து எழுத்து நேராக நிற்கிறது. பலகை எழுத்தும் அப்படித்தான். கடித எழுத்தோ பாகற்கொடி மாதிரி ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு படுத்திருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து காலை முழுவதும் முதல் சொல்லோடு மல்லுக்கட்டினேன். அறைக்குள் வைத்துப் படிக்க முடியாது. எழுதியவன் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறான்.

மணி பதினொன்றரை இருக்கும். முதல் சொல் கிடைத்துவிட்டது.

‘அத்தானுக்கு’.

இன்னாசி எழுதினால் ‘அண்ணனுக்கு’ என்று எழுதுவான். என்னை அத்தான் என்று கூப்பிட்டது உலகத்தில் ஒருத்திதான். இது அமலோற்பவத்தின் கடிதம்.

கண் வலித்தது. மடித்து வைத்துவிட்டேன். வெயிலில் உட்கார்ந்து படிக்கக்கூடாது என்று கண் டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் முருங்கைக்காய்ச் சாம்பார். நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று கடிதத்தைப் படிக்கவில்லை. நேரம் இல்லை.

ஃபாதர் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். அவரவர் பாவங்களை அதில் எழுதி நான்காக மடித்து, நாளை சிலுவைப் பாதை முடிந்ததும் கோயில் வாசலில் இருக்கும் நெருப்புச் சட்டியில் போடவேண்டுமாம். யாரும் படிக்கமாட்டார்கள், ஆண்டவர் மட்டும்தான் படிப்பார் என்றார். என் கையெழுத்தை ஆண்டவர் எப்படிப் படிப்பார் என்று கொஞ்சம் கவலையாக இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் ஐந்து நிமிடத்தில் எழுதி மடித்துவிட்டார்கள். அவ்வளவு சின்ன பாவங்கள். முன் வரிசையில் தங்கக் கண்ணாடி போட்ட ஒருவர் தாளை வெறுமையாகவே மடித்தார். புண்ணியவான். என் தாளுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

முதலில் சுலபமானதை எழுதினேன். மார்க்கெட்டில் தாரிலிருந்து பழம் பிய்த்துத் தின்றது. பூசை நேரத்தில் தூங்கியது. தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்தது. அரைப் பக்கம் வந்தது. எழுத்து வரிசையாக, அழகாக இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் பக்கம் என் பாவங்கள். அதைக் கொளுத்தவேண்டுமாம்.

மிச்ச அரைப் பக்கம் காலியாக இருந்தது. அதில் ஒன்றே ஒன்றைத்தான் எழுதவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுத்து கற்ற புதிதில் பொய் எழுதவும் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டுக் கோயில் நடுவில் நின்றுகொண்டு இன்னாசியிடம் நான் சொன்னேன். “பெத்தவன்தாம்ல அப்பன். உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் அந்தக் குடுப்பின இல்ல. என் எடத்துல எதுக்குலே எழுதுத?”

அமலோற்பவம் அவனுக்குப் பின்னால் பூத்தட்டோடு நின்றாள். பிலோமினாவுக்கு அன்று காலையில் தலை பின்னிப் பூ வைத்தது அவள்தான். அன்றைக்கு மட்டும் இல்லை. பிலோமினாவின் அம்மா போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு நாலு வயது. பத்து வயது வரைக்கும் தினமும் தலை பின்னிவிட்டது அவள்தான். நான் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன்.

அவள் தட்டை ஒரு பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். சத்தமே வராமல் வைத்தாள்.

அவள் செத்து ஆறு வருடம் ஆகிறது. அடக்கப் பூசையில் நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

எல்லாவற்றையும் தாளில் எழுதினேன். நான்காக மடித்துச் சட்டையின் இடப்பக்கப் பையில் வைத்தேன். அவளுடைய கடிதமும் நான்காக மடித்துதான் இருக்கிறது. அதுவும் அதே பையில்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கஞ்சி. உப்புமாவும் ஒரு நாள் ஒறுத்தல் விரதம் இருக்கிறது.

சிலுவைப் பாதையில் பதினாலு நிலை. மலையில் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு நிலையிலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார் என்பது சின்ன எழுத்தில். அந்த நிலையைக் கட்டிக் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில், படிப்போடு, ஊரோடு. ஒன்று விடாமல் படித்தேன். ஐந்தாம் நிலையில் இன்னாசிக்கு மூச்சு வாங்கியது. நான் நின்றேன். கல்வெட்டைப் படிக்கத்தான் நின்றேன்.

ஐந்து மணிக்கு நெருப்புச் சட்டியைச் சுற்றி வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் பையில் கை விட்டேன். ஒரு தாளை எடுத்துப் போட்டேன். அது சுருண்டு விரியும்போது ஓரத்தில் நீல மை தெரிந்தது. என் பாவங்களை நான் எழுதியது கறுப்புப் பேனாவில்.

தவறி நடந்துவிட்டது. இரண்டும் நான்காக மடித்தவை, இரண்டும் ஒரே பையில் இருந்தவை. யாருக்கும் நடக்கக் கூடியதுதான். பழைய தாள் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அதைக் கை அறிந்திருக்க வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். கேட்பவர்கள் ஐம்பது வருடம் தார் சுமந்த கையை வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

எல்லோரும் பாடிக்கொண்டே கோயிலுக்குள் போனார்கள். நான் ஒரு குச்சியை எடுத்துச் சட்டியைக் கிளறினேன். சாம்பலாகத்தான் இருந்தது. பதினாலு வருடம் டப்பாவுக்குள் வைத்துக் காத்தேன். முழுதாக ஒரு சொல் படித்தேன்.

பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

“என்ன அண்ணே தேடுதிய?”

பதினாலு வருடத்துக்குப் பிறகு அவன் குரல். கிழவன் குரலாக மாறியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அறை ஒதுக்கிய சிஸ்டர் எங்கிருந்தோ ஓடி வந்து, உதட்டில் விரலை வைத்து, எங்கள் இருவருக்கும் பத்தாவது பலகையைச் சுட்டிக்காட்டினார். “ஐயா, மௌனம். நாளைக்குக் காலைல பேசலாம்.” பதினாலு வருடம் எங்கே போயிருந்தார் இவர்?

மாமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இன்னாசியும் வந்து உட்கார்ந்தான். நோட்டு அறையில் இருந்தது. கையில் இருந்த ஒரே தாள் என் பாவங்கள்தான். அதன் மறுபக்கம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்.

‘உன் வீட்டுக் கடிதம் எரிந்துவிட்டது. நான் படிக்கவில்லை. அமலோற்பவம் என்ன எழுதியிருந்தாள்?’

பத்து நிமிடம் ஆயிற்று. அவன் அவசரப்படுத்தவில்லை. ஒன்றாம் வகுப்பில் கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எழுதுவதை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்தான்.

தாளை வாங்கிப் படித்தான். பிறகு வாத்தியார் புத்தியில் மறுபக்கத்தையும் திருப்பிவிட்டான். பிடுங்கலாமா என்று கை எழுந்தது. எழுந்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

முழுவதையும் படித்தான். வாழைப்பழம், தூக்கம், தேர்தல் எல்லாவற்றையும் படித்தான். கீழே வந்து கண் நின்றது. கோயிலுக்குள் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே, வலது ஓரத்தில், வாத்தியார்கள் போடுகிற ‘சரி’ அடையாளம் ஒன்றைப் போட்டான். சின்னதாக.

பிறகு தாளைத் திருப்பி என் கேள்விக்குக் கீழே எழுதினான். கொடி மாதிரி இல்லை. பாடப்புத்தகம் மாதிரி, ஒவ்வோர் எழுத்தையும் தனியாக நிறுத்தி எழுதினான். நான் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

‘கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் நான்தான். வேறு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டிருந்தாள்.’

இரண்டாவது முறையும் படித்தேன். அண்டா.

சைக்கிள் கேரியரில் நான் கட்டிய கயிறு எனக்கு நினைவிருக்கிறது. அவள் குனிந்து இழுத்ததும் நினைவிருக்கிறது. உள்ளே இழுக்கும்போது வாசற்படியில் இடித்துக் கோயில் மணி மாதிரி ஓர் ஓசை வந்தது. அப்போது இன்னாசி கதவுக்குப் பின்னால்தான் நின்றான். அவன் வேட்டி தெரிந்தது.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவருக்குப் பதிலாக எழுதுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் பேனாவை வாங்கினேன். ‘ஊருக்குப் போனதும் கொடுத்துவிடுகிறேன்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘சந்தியாகு’ என்று என் கையாலேயே போட்டேன்.

மார்ச் 15, சனி

உப்புமா. மௌனம் முடிந்தது. எண்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. தங்கக் கண்ணாடிக்காரர் தன் ஆன்மிக அனுபவத்தை மைக்கில் சொன்னார். எழுதாமலே பாவம் போனவர், சொல்லத்தான் வேண்டும்.

கடைசிப் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் நேராக வலப்பக்கம் திரும்பினேன். இன்னாசியும் திரும்பியிருந்தான். தூணுக்கு இன்று யாரும் இல்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். பேச அனுமதி இருந்தும் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் சுகர் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான். பிலோமினா தன் புருஷனோடு காரில் வந்து காத்திருந்தாள். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் ரொம்ப ஆச்சரியப்பட்டாள். நன்றாக நடிக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

காலையில் பாத்திரக் கடைக்குப் போனேன். பித்தளையில் பெரிய அண்டாவாகக் கேட்டேன். யாருக்குச் சீர் என்று கடைக்காரர் விசாரித்தார். சீர் இல்லை, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். வாங்கினதைப் புதிதாகவா கொடுப்பார்கள் என்று சிரித்தார். பிறகு, பெயர் வெட்டவேண்டுமென்றால் எழுதித் தரும்படி ஒரு துண்டுத் தாளை நீட்டினார்.

எழுதிக் கொடுத்தேன். நீளமான பெயர். ஓர் எழுத்தும் விடவில்லை. பெயர் வெட்டுகிற பையன் மிஷினை வைத்து விளிம்பில் இழுக்க இழுக்க, ஒவ்வொன்றாக வந்தது. அமலோற்பவம். பக்கத்திலேயே நின்று கூடவே படித்தேன்.

ஆட்டோவில் வைத்து இன்னாசி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் கொல்லைப்புறம் குழாயடியில் இருந்தான். என்னையும் நான் தூக்கி வந்ததையும் பார்த்ததும் சட்டென்று எழுந்து எதையோ மறைத்துக்கொண்டு நின்றான். வேட்டியைக்கூட விரித்துப் பிடித்தான். ஆனால் அண்டா அவனைவிட அகலம். இரண்டு பக்கமும் தெரிந்தது. பழைய பித்தளை, நிறையத் தண்ணீர். அதன் விளிம்பிலும் அவள் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதை நான் சுமந்திருக்கிறேன். இன்றுதான் படித்தேன்.

நான் பழையதைப் பார்க்கவில்லை. புதியதை அவன் காலடியில் இறக்கிவைத்தேன். வைக்கும்போது தரையில் இடித்து அதே ஓசை வந்தது.

இன்னாசி குனிந்து விளிம்பை விரலால் தடவினான். முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரைக்கும் போனான். மறுபடியும் முதலிலிருந்து போனான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

“அதேதான் அண்ணே,” என்றான். செருமிக்கொண்டு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். “ஆனா மூடியைக் காணுமே.”

மூடியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.